ஒரு படி தவிடு

பிலாய்,
5-6-1986

அன்புள்ள அக்காவுக்கு,

அபிதா எழுதுவது. உன் புண்ணியத்தில் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நாக்பூரில் வண்டி மாறும்போது தாட்சாயணி தண்ணீர் கூஜாவைத் தொலைத்தாள். மற்றபடி சாமான் எல்லாம் வந்துவிட்டது. அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஒரு மாதம் கேன்டீன் சாப்பாடு, ஆள் பாதியாகிவிட்டார். உன் மாவடு ஜாடியைப் பார்த்துத்தான் முகத்தில் களை வந்தது. என்னைப் பார்த்து இல்லை, மாவடுவைப் பார்த்து!

லீவு முழுக்க இதுகளுக்கு எத்தனை காட்டினோம்! மகாபலிபுரம், வண்டலூர் புலி, பீச். ஒன்றும் நினைவில் இல்லை. கேம்ப் ரோடு கொட்டகையில் கிளம்புகிற அன்று மத்தியானம் பார்த்த நாடகம்தான் வீட்டில் ராத்திரி பகலாக ஓடுகிறது. தாட்சாயணி கால் ஆர்மோனியம் மாதிரி தையல் மெஷினை மிதித்துக்கொண்டு ராஜா பாட்டைப் பாடுகிறாள். சிட்டிபாபு பபூன். டம்ளர், செருப்பு, அவன் அப்பா கண்ணாடி எல்லாவற்றையும் ஏலம் போடுகிறான். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" காது போகிறது.

நாட்டை இழந்த ராஜா பிள்ளையைச் சந்தையில் விற்கும் அந்தக் காட்சியில் நான் அழுதது உனக்குத் தெரியும். தாட்சாயணிக்கு அப்புறம் இரண்டைப் பறிகொடுத்தவள் நான். அதனால்தான் பபூன் முன்னால் வந்து, "தங்காத வீட்டுப் பிள்ளை யாராச்சும் இருந்தா மேடைக்குக் குடுங்க, ஒரு படி தவிட்டுக்கு வித்துட்டா எமன் கணக்குல சேராது" என்று கூப்பிட்டதும் சிட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். நீயே வாங்கிக்கொள் என்று உன்னை இடித்தேன். பொழிச்சலூர்க்காரி ஒருத்தி விளையாட்டுக்குப் போட்டிக்கு வந்தாளே, அப்போது நீ எழுந்து நின்று கத்தின கத்து! கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

கடைசிக் காட்சியைத்தான் பார்க்க முடியவில்லை. "வண்டி ஏழு மணிக்கே, டைம் மாத்திட்டாங்க, எழுந்திரு எழுந்திரு" என்று நீ பிடுங்கின பிடுங்கலில் ஓடி வந்தோம். சென்ட்ரலில் பார்த்தால் வண்டி பத்தேகாலுக்கு! பெட்டி தூக்க வந்த நசீருதீன் அண்ணன்கூட, "யாரும்மா ஏழுன்னு சொன்னது?" என்று சிரித்தார். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. போகட்டும், நீ எப்பவும் அவசரக் குடுக்கைதானே.

ஒன்று சொன்னால் திட்டாதே. ராஜா பிள்ளையை மீட்கிற அந்தக் கடைசிக் காட்சியில்தான் விற்ற பிள்ளைகளையும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வாங்கினவர்களுக்கே என்று பபூன் சொன்னான் அல்லவா? நானோ நீ கொடுத்த தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு மாடு இழுத்ததும் அதற்கே போட்டுவிட்டேன். புடவை கெடுகிறதே என்று. அவரிடம் சொன்னால் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்புதான். இருந்தாலும் உன் அடுத்த கடிதத்தில், "பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிடு. மனசு லேசாகும்.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தங்கை,
அபிதா


சேலையூர்,
22-6-86

கண்ணான அபிதாவுக்கு,

அக்கா தனக்கோடியின் ஆசிகள். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினம் எடுத்துப் படிக்கிறேன். நீங்கள் போன பிறகு வீடு விறிச்சென்று இருக்கிறது. கூடத்துச் சுவரில் சிட்டி கரியால் கிறுக்கின ரயிலை மாமா துடைக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். "இன்னா தனம், சுண்ணாம்பு அடிக்கும்போதும் இப்படித்தான் செய்யப்போறியா?" என்கிறார். இவர் ரயில்வே ஷெட்டில் நூறு ரயிலைப் பார்க்கிறார். எனக்கு இது ஒன்றுதானே.

என் பிள்ளை சாப்பிடுகிறானா? உன் பெண்ணும் சௌக்கியம்தானே? அவனுக்கு முட்டையில் மஞ்சள் பிடிக்காது, வெள்ளை மட்டும் கொடு. நெஞ்சில் சளி இருந்தால் தயிர் போடாதே. நீ கவனிக்க மாட்டாய் என்று சொல்லவில்லை. உனக்கு வேலை அதிகம்.

மாட்டுக் கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போ திருப்பிக் கொடுக்க உன் கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிறதே, அசடு! சரி, விடு. எங்கே போய்விடப்போகிறது.

இங்கே மழை இல்லை. கிணறு அடியைத் தொட்டுவிட்டது. எதிர் வீட்டு ஸ்ரீநிவாசன் பெண்ணுக்கு நிச்சயம் ஆயிற்று.

உன் அக்கா,
தனக்கோடி


பிலாய்,
19-8-86

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் பனியன் பார்சலும் வந்தன. பனியன் அளவு சரியாக இருக்கிறது. பார்க்காமலே எப்படி அளவு தெரிந்தது என்று அவர் கேட்கிறார்.

சிட்டிக்குப் பத்து நாளாக உடம்பு சரியில்லை. காய்ச்சல் வந்து இறங்கியது, அப்புறம் இழுப்பு பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வருவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், பயப்பட வேண்டாம் என்கிறார். போன இரண்டுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அக்கா.

காய்ச்சல் வேகத்தில் என்ன சொல்கிறான் தெரியுமா? "மூணு தரம்... மூணு தரம்..." அவ்வளவுதான். ஒரு தரமும் இல்லை, ரெண்டு தரமும் இல்லை. நான் அவன் வாயைப் பொத்தினேன். பெற்ற தாய் செய்கிற காரியமா அது? செய்தேன்.

நான் கேட்ட அந்த வரியை நீ இன்னும் எழுதவில்லை. மறந்திருப்பாய். இரண்டு கடிதத்திலும் மாவடு, மழை, கிணறு எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதே. நம்பிக்கை இல்லாதவள் பிள்ளையைத் தூக்கி மேடைக்குக் கொடுப்பாளா? ஒரு கார்டு போதும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அபிதா


சேலையூர்,
11-9-86

என் கண்ணு அபிதாவுக்கு,

சிட்டிக்கு இழுப்பு என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். அந்த ஊர் இரும்புப் புகை குழந்தைக்கு ஆகாது. இது தெரிய டாக்டரா வேண்டும்? இங்கே இருந்தபோது ஒரு நாள் தும்மினானா சொல்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவன் இங்கேயே ஒரு வருஷம் படிக்கட்டும். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து யூனிஸ் டீச்சரிடம் பேசிவிட்டேன். நடுவருஷம் என்றாலும் சேர்த்துக்கொள்வாளாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு சின்னக் கட்டில் வாங்கிவந்தேன். பழசுதான், ஆனால் தேக்கு. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றான் கண்டக்டர், ஒரு பாட்டுப் பாடி ஏற்றிக்கொண்டு வந்தேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ராத்திரி கை நீட்டினால் தொடலாம்.

இன்னொரு வேடிக்கை. ரேஷன் கார்டு பதிய ஒருத்தர் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்றார். இரண்டு என்று பத்தொன்பது வருஷமாகச் சொன்ன வாய், மூணு என்றது. பேர் கேட்டார், சொன்னேன். உறவு என்றார், மகன் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பொன்னுரங்கம், தனக்கோடி, சிட்டிபாபு. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? மாமா பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அரைக்கிலோ சர்க்கரை கூட வருகிறது, அதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானேன்?

தசரா லீவில் அழைத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போ.

அக்கா தனக்கோடி


பிலாய்,
2-10-86

அக்கா,

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் முதல் வண்டியில் ஏறி வந்து சண்டை போடுவார்.

என் பிள்ளை பேர் உன் கார்டில் எதற்கு? எடுத்துவிடு.

நேற்று துணி மடிக்கும்போது திடீரென்று உறைத்தது. மாமா ஷெட்டில் வேலை பார்க்கிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்கள் டிக்கெட்டை எடுத்தவரும் அவர்தான். டிக்கெட் உன் பீரோவில் இருந்தது. உனக்கு வண்டி நேரம் தெரியாதா, அக்கா?

இல்லை என்று சொல்லிவிடு. நான் நம்பிக்கொள்கிறேன்.

இங்கே அரிசி மில்லில் ஒரு படி தவிடு வாங்கி, துணிப் பையில் தைத்து, ரிஜிஸ்டர் பார்சலில் உன் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். நீ ஒன்றும் எழுதக்கூட வேண்டாம். வாங்கிக்கொண்டால் போதும்.

அபிதா


சேலையூர்,
7-12-86

அபிதா,

போஸ்ட்மேன் சுப்பராயலு பார்சலை நீட்டினார். பையின் மூலையில் தையல் விட்டு இரண்டு துளி தவிடு வெளியே சிந்தியிருந்தது. கையெழுத்துப் போட பேனாவையும் கொடுத்தார். எனக்குக் கை வரவில்லை. "எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே வந்து அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். தெரியும். பத்தேகால் என்று தெரியும். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அவரை இழுக்காதே.

மேடையில் அந்தப் பபூன் சிட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தான் பார், "பிடி தாயே உன் பிள்ளையை" என்று. அவன் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பான். அவனுக்கு அது வேஷம். என்னைத் தாயே என்று பிச்சைக்காரன்கூடக் கூப்பிட்டிருக்கிறான், ஆனால் பிள்ளையை வைத்துவிட்டுக் கூப்பிடவில்லை. நூறு பேர் கை தட்டினார்கள், அபிதா. எனக்கு யாரும் அதுவரைக்கும் கை தட்டினதில்லை. இடைவேளை முடிந்து திரை ஏறினதும், கடைசிக் காட்சி வந்துவிடப் போகிறதே என்று உன்னை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் செய்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது கூடுவாஞ்சேரியில் கொட்டகை போட்டிருக்கிறது. போன ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு நான் மட்டும் போனேன். கடைசிக் காட்சியை முதல் தடவையாகப் பார்த்தேன். தவிட்டைக் கொடுத்து ஒவ்வொருத்தியும் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பபூன் கூட்டத்தைப் பார்த்து, "குடுக்க வேண்டியவங்க யாராச்சும் மிச்சம் கீறாங்களா?" என்றான். எழுந்திருக்கலாம் என்றுதான் போனேன். எழுந்திருக்கவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள்.

என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. உனக்கு ஒரு பெண் இருக்கிறாள். இன்னும் பிறக்கலாம். எனக்கு இது ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதையும் கேட்கிறாயே.

பொங்கல் கழித்து நானே வருகிறேன். 16-ந் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போக ஒன்று, வர ஒன்றரை. அவன் துணிகளை எடுத்து வை.

தனக்கோடி


பிலாய்,
29-12-86

அக்காவுக்கு,

இது கடைசிக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை, மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சிட்டி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆக்சிஜன் வைத்தார்கள். நீ கூடுவாஞ்சேரியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு உதடு நீலம் பாய்ந்தது. உன்னால்தான் என்று சொல்ல மாட்டேன். அவரைக் கேட்டால் பனிக்காற்று என்பார், டாக்டர் வேறு பேர் சொல்வார். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நான் யாரை நினைத்தேன் தெரியுமா? சாமியை இல்லை. உன்னை. நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருக்கிறான். போன வியாழக்கிழமை, திரும்பி வந்த தவிட்டுப் பார்சல் மூலையில் கிடந்ததைத் தாட்சாயணி பிரித்துவிட்டாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கொல்லையில் நாடகம். நாம் பார்க்காத கடைசிக் காட்சியை அவளே கட்டியிருந்தாள். ஒரு ஸ்டூலுக்கு என் பழைய புடவையைச் சுற்றி, "இதுதான் பெரியம்மா" என்றாள். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன்.

சிட்டி இரண்டு கையிலும் தவிட்டை அள்ளிக்கொண்டு போய் ஸ்டூல்மேல் வைத்தான். "இந்தா பெரியம்மா உன் தவிடு. என்னை எங்கம்மாகிட்ட குடுத்துடு" என்றான். ஸ்டூல் என்ன சொல்லும்? அவன் நின்றான். தாட்சாயணி மறந்துபோய் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாள். இவன் நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்கம்மா" என்றான்.

நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உன் குரலில் சொன்னேன். "குடுத்துட்டேன்டா கண்ணு, போ." சின்ன வயதிலிருந்து உன்னைப் போலப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவள் அல்லவா நான். அப்படியே வந்தது. அவன் ஓடிவந்து என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டான்.

உனக்குப் பதில் நானே சொல்லிவிட்டேன், அக்கா. இனி உன் வரி எனக்கு வேண்டாம்.

அவருக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. ஐந்தாம் தேதி இந்த வீட்டைக் காலி செய்கிறோம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

மாமாவை நமஸ்கரித்ததாகச் சொல்.

அபிதகுஜாம்பாள்


சேலையூர்,
18-3-1995

அன்புள்ள தங்கை அபிதாவுக்கு,

உன் பிலாய் விலாசத்துக்கே இதையும் போடுகிறேன். வேறு விலாசம் எனக்கு ஏது? இதற்கு முன்னால் போட்ட நாலும், ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தன. சுப்பராயலு ரிட்டயர் ஆகிவிட்டார். புதுப் பையன் கடிதத்தைக் கேட்டுக்குமேல் வீசிவிட்டுப் போகிறான். நீங்கள் போய்விட்ட பிறகும் அந்த 16-ந் தேதி வண்டியில் நான் வந்தேன். பூட்டின வீட்டைப் பார்த்தேன். கொல்லையில் ஒரு ஸ்டூல் கால் உடைந்து கிடந்தது. இதை இதுவரை உனக்கு எழுதவில்லை.

மாமா சௌக்கியம். என்னோடு அளவாகத்தான் பேசுவார். நீங்கள் பிலாயை விட்டுப் போன வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

ரேஷன் கார்டு புதுப்பிக்கிறார்கள். ஒன்பது வருஷமாக மூணு பேர் கார்டை வைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை வாங்குகிற வரிசையில் யாராவது, "பையன் எங்க படிக்கிறான்?" என்றால், "ஹாஸ்டல்ல" என்பேன். எட்டாவது, ஒன்பதாவது என்று கணக்காக ஏற்றிக்கொண்டும் வந்தேன். இந்தத் தடவை ஆபீசுக்கே வரச்சொன்னார்கள். ஜெய்னப் என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெரிய பையன், நேரில் வரணும், இல்லாவிட்டால் பேரை எடுத்துவிடணும் என்றாள். எடுத்துடு என்றேன்.

அதற்கு ஒரு ஃபாரம். நீக்கக் காரணம் என்று போட்டு, பக்கத்தில் மூன்று கட்டம். இறப்பு, திருமணம், வெளியூர். முதல் கட்டத்தைக் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்தது என்று எழுதியிருந்தாயே. அப்புறம் அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கட்டத்தில் கோடு போடுவேன் நான்?

"என்னம்மா காரணம், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "திருப்பிக் குடுத்தாச்சும்மா" என்றேன். "யாருக்கு?" "பெத்தவளுக்கு." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். வெளியூர் என்று கோடு போட்டு முத்திரை குத்திவிட்டாள். அவ்வளவுதான் வேலை. இதற்கு எனக்கு ஒன்பது வருஷம்.

அபிதா, உனக்கும் எழுதிவிடுகிறேன், உன் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும். சிட்டிபாபுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

பதிலுக்கு நீ எனக்கு மரியாதை எழுத வேண்டாம், நலம் கேட்க வேண்டாம். ஒரு கார்டில் ஒரே ஒரு வரி போடு, கண்ணு. அவன் இருக்கிறான் என்று.

உன் அக்கா,
தனக்கோடி